போர்டு போச்சு என்று சொல்வதற்கு முன்...

"போர்டு போச்சு சார், மாற்றித்தான் ஆகணும்." கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் இந்த வாக்கியத்தை ஒரு முறையாவது கேட்காதவர்கள் குறைவு. கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்களே ஆன ஒருவரிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? முகம் வாடிப் போய், "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார். அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்பது என் கருத்து. "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

அண்மையில் ஒரு நாள் இரவு என் அக்கா போன் செய்தார். "தம்பி, சீட்டுப் பணத்தை எடுக்கலாம்னு இருக்கேன். பையன் கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சாம். 17,000 ரூபாய் ஆகுமாம்" என்றார். விசாரித்தேன். அக்கா மகன் ஒரு ஸ்டுடியோவிற்காக வீட்டிலிருந்தே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறான். வீடியோ தடங்கித் தடங்கி ஓடுகிறது என்பதற்காக, தன் சம்பாத்தியத்தில் 11,500 ரூபாய் சேர்த்து, பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கியிருக்கிறான். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3050, 8 ஜி.பி. மெமரி உள்ளது. அவனே கேபினட்டைத் திறந்து மாட்டியிருக்கிறான். பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒரு நொடி சுற்றியது, நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

பயந்து போய் கடைக்குத் தூக்கிச் சென்றிருக்கிறான். கடையில் கார்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பார்த்தார்கள். ஃபேன் சுற்றியது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. "கார்டு போர்டை அடிச்சிடுச்சு" என்று தீர்ப்பு ஆனது. அவனிடம் இருப்பது பத்தாம் தலைமுறை கோர் ஐ5 பிராசசர். அதற்கேற்ற மதர்போர்டு புதிதாகக் கிடைப்பது சிரமம் என்பதால் போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் மாற்றச் சொல்லி 17,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை வரை பணத்தை எடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

என் சொந்த அனுபவம்

இப்படி நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2006-ம் ஆண்டு என் கம்ப்யூட்டரில் ஏ.ஜி.பி. வகை டிஸ்ப்ளே கார்டு ஒன்றை வாங்கிப் போட்டேன். கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லை. அன்றும் "போர்டு போச்சு" என்றார்கள். நானும் நம்பி 4,200 ரூபாய் கொடுத்துப் புதிய மதர்போர்டு வாங்கினேன். மாட்டிப் பார்த்தால் அதே கதை! கடைசியில் மாற்ற வேண்டியிருந்தது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பவர் சப்ளையைத்தான். நன்றாக இருந்த பழைய போர்டை அதற்குள் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். அந்தத் தவறு இன்னும் உறுத்துகிறது.

எந்த நிலையில் நிற்கிறது?

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதில் மூன்று வகை உண்டு. முதல் வகை, பட்டனை அழுத்தினால் அசைவே இருக்காது, அல்லது ஒரு நொடி சுற்றி நின்றுவிடும். இதில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரத்தை. இரண்டாவது வகை, ஃபேன்கள் சுற்றிக் கொண்டே இருக்கும், ஆனால் திரை கருப்பாகவே இருக்கும். இதில் கார்டு, ராம், மானிட்டர் கேபிள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மூன்றாவது வகை, போர்டு நிறுவனத்தின் சின்னம் திரையில் வரும்; விண்டோஸ் வரும் நேரத்தில் திரை அணைந்து போகும். இங்குதான் டிரைவர் புரோகிராமைச் சந்தேகிக்கலாம். சேஃப் மோடில் சென்று பழைய டிரைவரை நீக்கிவிட்டுப் புதியதைப் பதிந்தால் பெரும்பாலும் சரியாகும்.

முதல் இரண்டு வகைகளில் கம்ப்யூட்டர் இன்னும் ஹார்ட் டிஸ்க்கையே எட்டிப் பார்க்கவில்லை. எனவே "ஃபார்மட் அடித்தால் சரியாகும்" என்று யாராவது சொன்னால் தலையசைக்காதீர்கள். உங்கள் போட்டோக்களும் ஃபைல்களும் போவதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது

ஒரு ஸ்க்ரூ டிரைவர், டார்ச் லைட், மதர்போர்டில் செருகும் சிறிய ஸ்பீக்கர் ஆகியவற்றுடன் அக்கா வீட்டிற்குச் சென்றேன். மாப்பிள்ளை பேசவே இல்லை. "என்னாலதான் மாமா கெட்டுப் போச்சு" என்று ஒரு முறை சொன்னான். அக்காவும் "கையை வெச்சிட்டு சும்மா இருந்தா என்ன?" என்று நான் இருக்கும்போதே அவனைக் கடிந்து கொண்டார். 11,500 ரூபாய் போனதைவிட அதுதான் அவனுக்கு வலித்திருக்கும்.

முதலில் சுவிட்சை அணைத்து, பவர் கேபிளையும் கழற்றினோம். பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தோம். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிவதற்காக. கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, அதன் பிறகே போர்டில் கை வைத்தோம். நம் உடலில் சேரும் நிலை மின்சாரம் சிப்களைக் கெடுத்துவிடும் என்பதால் இந்த வேலையைச் சோம்பல்படாமல் செய்திட வேண்டும்.

புதிதாகச் சேர்த்தது எதுவோ அதை எடுத்துவிட்டு, பழைய நிலைக்கு வந்த பிறகே மற்றதைத் தேட வேண்டும். இது எல்லா ரிப்பேருக்கும் பொது விதி. கார்டு வெளியில்தான் இருந்தது. மானிட்டர் கேபிளை மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ. பகுதியில் செருகினேன். இங்கு ஒரு எச்சரிக்கை தர வேண்டும். இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் கிராபிக்ஸ் வசதி கிடையாது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600 போன்றவற்றிலும் கிடையாது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் கார்டை எடுத்துவிட்டால் திரை கருப்பாக இருப்பது இயல்பே. அதை வைத்துப் போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. மாப்பிள்ளையிடம் இருந்தது 10400; எஃப் இல்லை. ஆகவே படம் வந்தாக வேண்டும்.

ஸ்பீக்கரை மாட்டி ஆன் செய்தேன். திரையில் ஒன்றும் இல்லை. ஆனால் 'பீப்... பீப்...' என்று ஒலி விட்டு விட்டு வந்து கொண்டே இருந்தது. அதைக் கேட்டதும் எனக்குப் பாதி நிம்மதி. போர்டு இன்னும் பேசுகிறதே! இந்த ஒலிகளின் பொருள் பயாஸ் தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும். மதர்போர்டுடன் தரும் கையேட்டில் பார்த்துக் கொள்ளலாம். இப்படி நிற்காமல் வந்தால் நான் முதலில் பார்ப்பது ராமைத்தான். சில போர்டுகளில் ஒலிக்குப் பதிலாக சி.பி.யூ., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் எரிகிறதோ அங்கேதான் தடங்கல்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ராமின் ஒரு முனை சரியாக அமரவில்லை. கிளிப் திறந்தபடி நின்றது. கேபினட்டை நிற்க வைத்தபடியே கார்டை அழுத்தி மாட்டியிருக்கிறான். அப்போது கை பட்டு ராம் நகர்ந்திருக்கிறது. மீண்டும் கேபிளைக் கழற்றி, ராமை வெளியே எடுத்து, அதன் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, 'க்ளிக்' என்று சத்தம் வரும் வரை அழுத்தினேன். ஆன் செய்தோம். ஒரே ஒரு பீப். திரை வந்தது, விண்டோஸ் வந்தது, அவன் எடிட் செய்து பாதியில் விட்டிருந்த கல்யாண வீடியோவும் வந்தது. அடுப்படியில் இருந்து அக்கா ஓடி வந்தார்.

17,000 ரூபாய் எஸ்டிமேட்டுக்குக் காரணம், சரியாக உட்காராத ராம்!

கார்டு ஏன் ஓடவில்லை?

பாதிக் கதைதான் முடிந்தது. ராம் நகர்ந்தால் திரை வராது. ஆனால் ஒரு நொடியில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டதே, அது ஏன்? எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பார்த்தேன். கேபினட்டுடன் இலவசமாக வந்தது. பெரிய எழுத்தில் 450 வாட்ஸ் என்று இருந்தது. நாம் அதைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறோம். பார்க்க வேண்டியது அதன் கீழே உள்ள சிறிய கட்டத்தை. அதில் 12 வோல்ட் லைனுக்கு நேராக 16 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கிப் பாருங்கள்: 12 x 16 = 192 வாட்ஸ். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட் லைனில் இருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன.

இப்போது செலவைக் கூட்டுவோம். இந்தக் கார்டின் தேவை 130 வாட்ஸ். பிராசசருக்குக் குறிக்கப்பட்டது 65 வாட்ஸ். வேகம் கூடும் நொடிகளில் அதற்கு மேலும் இழுக்கும். இரண்டும் சேர்ந்தே 195. ஃபேனும் ஹார்ட் டிஸ்க்கும் இன்னும் கணக்கில் வரவே இல்லை. வரவு 192, செலவு 195-க்கு மேல்! இந்தக் கார்டுக்கு 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று என்விடியா நிறுவனம் சொல்வது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மதர்போர்டின் ஸ்லாட் மட்டும் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்ஸ்தான் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கார்டின் முனையில் தனியாகப் பவர் கேபிள் மாட்ட வேண்டும். 6 பின் உள்ளது 75 வாட்ஸ், 8 பின் உள்ளது 150 வாட்ஸ் வரை தரும். மாப்பிள்ளையின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அப்படிப்பட்ட கேபிளே இல்லை. ஒரே வயரில் வரும் இரண்டு பழைய மோலெக்ஸ் பின்களை ஒரு அடாப்டரில் செருகி, அதை 8 பின்னாக மாற்றி மாட்டியிருந்தான். இதை யாரும் செய்யாதீர்கள். குறிப்பாக சாட்டா பவர் கேபிளை 8 பின்னாக மாற்றும் அடாப்டர் வேண்டவே வேண்டாம். சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பகுதி சுமார் 54 வாட்ஸ் அளவுக்கே ஆனது. அதில் 150 வாட்ஸ் இழுத்தால் வயர் உருகும் ஆபத்து உள்ளது. தேவையான கேபிள் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இல்லையென்றால், "இந்தக் கார்டு எனக்கு ஆகாது" என்று அது நேர்மையாகச் சொல்கிறது என்று எடுத்துக் கொள்ளுங்கள்.

கணக்கு சொன்னது சரியா என்று சோதிக்க வேண்டுமே! பக்கத்துத் தெரு நண்பரிடம் நல்ல நிறுவனத்தின் 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை அன்று மாலை மட்டும் இரவல் வாங்கி, அதன் கேபிள்களுடனேயே மாட்டினோம். கழற்றி மாட்டும் வகை கேபிள்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஒன்றின் கேபிளை இன்னொன்றில் செருகினால் உள்ளே இருப்பவை எரிந்து போகலாம். கேபினட்டைப் படுக்க வைத்துக் கார்டை ஸ்லாட்டில் நேராக அழுத்தினோம். பின்பக்கம் ஸ்க்ரூ போட்டு, 8 பின் கேபிளைச் செருகி, மானிட்டர் கேபிளை கார்டின் பக்கம் மாற்றினோம். கார்டு போட்ட பிறகும் பழைய பழக்கத்தில் போர்டிலேயே கேபிளைச் செருகிவிட்டு "படம் வரவில்லை" என்பவர்கள் பலர் உண்டு.

ஆன் செய்தோம். வந்தது. கார்டும் நன்றாக இருந்தது, போர்டும் நன்றாக இருந்தது. மறுநாள் 3,900 ரூபாயில் அதே போன்ற எஸ்.எம்.பி.எஸ். வாங்கினான். சீட்டுப் பணம் சீட்டிலேயே இருக்கிறது.

கடைக்காரர் சொன்னது

அந்தக் கடைக்காரர் ஏமாற்றுக்காரர் என்று எழுதிவிட்டு நான் முடித்திருக்கலாம். ஆனால் அவரை நேரில் சென்று பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "சார், கார்டை எடுத்தும் டிஸ்ப்ளே வரலைன்னா போர்டுன்னுதான் எடுத்துக்குவோம். ஒரு நாளைக்குப் பத்துப் பெட்டி வருது. ஒவ்வொண்ணையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தா, பார்க்கிற கூலியை யார் தர்றாங்க? 'சும்மா ராமைச் சொருகினதுக்கு 300 ரூபாயா'ன்னு சண்டைக்கு வர்றாங்க" என்றார்.

இதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. டாக்டரிடம் போனால், மருந்து எழுதாவிட்டாலும் ஃபீஸ் கொடுக்கிறோம். கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் மட்டும் பொருள் வாங்கினால்தான் பணம், பார்த்ததற்குப் பணம் இல்லை என்கிறோம். பிறகு அவர் எதை விற்பார்? பொருளைத்தான் விற்பார். பழுதைக் கண்டுபிடிக்கும் அறிவுக்கு நாம் கூலி கொடுக்க மறுக்கும் வரை, பழுதில்லாத பொருட்களுக்கு விலை கொடுத்துக் கொண்டே இருப்போம்.

அதே நேரத்தில் கடைக்காரர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. கார்டு கேட்டு வருபவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்? 6 பின் அல்லது 8 பின் கேபிள் உள்ளதா? கேபினட்டில் அந்தக் கார்டு நீளத்திற்கு இடம் உண்டா? இதைக் கேட்க ஒரு நிமிடம் போதும். அவர்கள் கேட்காவிட்டால் நாமாவது விடை தெரிந்து கொண்டு செல்ல வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். வலுவில்லை, மாற்றவும் இப்போது வசதியில்லை என்றால், தனிக் கேபிள் கேட்காத கார்டுகளும் உண்டு. இதே 3050-ல் 2024-ல் வந்த 6 ஜி.பி. வகை 70 வாட்ஸில் ஸ்லாட்டின் மின்சாரத்திலேயே இயங்கும். வேகம் சற்றுக் குறைவு. அதற்கும் 12 வோல்ட் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது. மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள் இருக்கும் கெபாசிட்டர்களில் அதிக வோல்ட் மின்சாரம் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து. தீய்ந்த வாடை வந்தால் ஆன் செய்து பார்க்காமல் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். போர்டு உண்மையிலேயே போவதும் உண்டு. ராம், கேபிள்கள் எல்லாம் சரி, சிமாஸ் பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டியாயிற்று, வேறு நல்ல எஸ்.எம்.பி.எஸ். போட்டும் பார்த்தாயிற்று, அப்போதும் உயிர் இல்லை என்றால் அந்தத் தீர்ப்பை ஏற்கலாம். அது கடைசித் தீர்ப்பாக இருக்கட்டும். முதல் தீர்ப்பாக வேண்டாம்.

கிளம்பும்போது மாப்பிள்ளை கேபினட்டின் பக்கக் கதவை மூடிக் கொண்டிருந்தான். "இனிமே திறக்க மாட்டேன் மாமா" என்றான். "திற. ஆனா சுவிட்சை அணைச்சிட்டு, பெட்டியைப் படுக்க வெச்சுத் திற" என்றேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். இன்று மாலையே, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் சிறிய கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக என்ன எண் இருக்கிறது என்று பார்த்து ஒரு தாளில் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். கார்டு வாங்கக் கடைக்குப் போகும் நாளில் அந்தத் தாள் சட்டைப் பையில் இருக்கட்டும்.